ஏழாம் பக்கத்துக் கீழ்மூலை: பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கும் விளம்பரப் பகுதிப் பொறுப்பாளர் அவர்களுக்கும்,

வணக்கம். இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன், கிடைத்திருக்கும். பதில் வராதபடியால் இதை ஊரறிய எழுதுகிறேன்.

விசயம் உங்களுக்குப் புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில், ஏழாம் பக்கத்துக் கீழ்மூலையில், மரண அறிவித்தலுக்கும் காணி விற்பனைக்கும் நடுவில் ஒரு பெட்டி வருகிறதே, அதுதான். செய்வினை, சூனியம், பில்லி அகற்றப்படும், திருமணத் தடை நீங்கும், பிரிந்தவர் சேருவர், அசல் கேரள முறை, 48 மணித்தியாலத்தில் பலன். ஒரு காளி படம், ஒரு கைத்தொலைபேசி இலக்கம். பெயரும் இல்லை, விலாசமும் இல்லை. இரண்டு பரப்புக் காணி விற்க நான் விளம்பரம் கொடுக்க வந்தபோது அடையாள அட்டைப் பிரதி கேட்டீர்கள். இவரிடம் என்ன கேட்டீர்கள், தேசிக்காயா?

இந்த விளம்பரங்களை இனி ஏற்காதீர்கள். நான் கேட்பது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் ஏன் கேட்கிறேன் என்பதற்கான விளக்கம்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் மூத்த பிள்ளைக்கு 32 வயது. மூன்று இடத்தில் கலியாணம் பேசி மூன்றும் குழம்பிப் போனது. தாய் உங்கள் பெட்டியைக் கத்தரித்து, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். "பேப்பரில வந்தது, பொய்யா இருக்குமே எண்டு நினைச்சன்" என்று பிறகு என்னிடம் சொன்னார். இந்த வசனத்தை இரண்டு தரம் வாசியுங்கள், ஐயா. உங்கள் பத்திரிகைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது.

வந்தவர் கேரளம் என்றார். தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று சொன்ன விதத்திலேயே ஆள் எங்கள் பக்கம் என்று தெரிந்துவிட்டது. பார்த்துச் சொல்ல 15,000 ரூபாய், கிண்டி எடுக்க 85,000. தாயின் காப்பு அடைவுக்குப் போனது. கிணற்றடி வாழைக்குக் கீழே அலவாங்கால் கிண்டச் சொன்னார். முழங்கை ஆழம் வந்ததும் எல்லாரையும் விலக்கிவிட்டுத் தானே கையை விட்டு எடுத்தார். கறுப்புச் சீலை, அதற்குள் பேப்பர்த் துண்டு, அதற்குள் செப்புத் தகடு, கொஞ்சம் தலைமயிர், நாலு ஆணி. வைத்து மூன்று வருடம் என்றார்.

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். எங்கள் கிணற்றடியில் செம்பை ஒரு கிழமை விட்டால் பச்சை பிடிக்கும். அந்தத் தகட்டில் முகம் பார்க்கலாம். மூன்று வருடம் ஈர மண்ணில் கிடந்த பேப்பர் கூழாகியிருக்க வேண்டும். இது கடையில் வடை சுற்றித் தந்த பேப்பர் மாதிரி இருந்தது. அதில் ஒரு மரண அறிவித்தலின் பாதி தெரிந்தது. செத்தவரை எனக்குத் தெரியும். மாசி மாதம் அந்தச் செத்தவீட்டுக்கு நானே போய்வந்தேன். கிடங்கு கிண்டியது சித்திரையில். ஓம், அது உங்கள் பேப்பர்தான். 35 வருடமாக வாசிக்கிறேன், எழுத்தைக் கண்டால் தெரியாதா?

நான் கேட்டுவிட்டேன். மனிசன் தடுமாறவேயில்லை. செய்வினை ஒவ்வோர் அமாவாசைக்கும் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளுமாம். சந்தா கட்டியிருக்கிறது போல. ஒருவரும் சிரிக்கவில்லை. சிதம்பர சக்கரத்தைப் பேய் பார்த்தது போல எல்லாரும் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வைத்தது ஆர் என்று கேட்டதற்கு அவர் பெயர் சொல்லவில்லை. கெட்டிக்காரர். "கிழக்குப் பக்கம். தனிச்ச பொம்பிளை. இந்தக் கிணத்துத் தண்ணி குடிக்கிறவ" என்றார். சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்.

அது நாலு வீட்டுக்குப் பங்குக் கிணறு. கிழக்கே தனித்த பெண் ஒருவர்தான். 2009 இல் கணவரைத் தொலைத்தவர், விடிய அப்பம் சுட்டு விற்றுப் பிள்ளையைப் படிப்பிக்கிறவர். அடுத்த நாள் கிணற்றடிப் படலைக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். உறுதியில் அவருக்கும் பங்கு இருக்கிறது. உறுதியை ஆர் பார்த்தார்கள்? இப்போது நாலரை மணிக்கு எழும்பி வாசிகசாலைக் குழாயடிக்குப் போகிறார். 20 லீற்றர்க் கான் ஒன்று சைக்கிள் கரியரில், இன்னொன்று ஹான்டிலில். ஒரு நாள் ஒழுங்கை மணலில் சில்லுப் புதைந்து சைக்கிள் சரிந்தது. அவ்வளவு தண்ணீரும் ஊற்றுப்பட்டுப் போனது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளோடு இரண்டு தாய்மார் எதிரே வந்தார்கள். சைக்கிளைத் தூக்கிவிடவில்லை. பிள்ளைகளின் கையைப் பிடித்து, தண்ணீர் பரவிய இடத்தில் கால் படாமல் வேலியோரமாகச் சுற்றிப் போனார்கள். அந்த அம்மா கானை எடுத்துக்கொண்டு திரும்பக் குழாயடிக்கு நடந்தார். அழவில்லை. எனக்குத்தான் அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

ஒரு காலைக்கு 70 அப்பம் போன இடத்தில் இப்போது பத்தும் போவதில்லை. அவர் கைபட்ட மாவாம். அந்தப் பிள்ளைக்கு இன்னும் கலியாணம் பொருந்தவில்லை, 48 மணித்தியாலம் முடிந்து மாதங்கள் ஆகின்றன. விளம்பரத்தில் இருந்த இலக்கம் இப்போது வேலை செய்வதில்லை. ஆனால் போன ஞாயிறு அதே காளி படம், வேறு இலக்கத்தோடு வந்திருந்தது. பொலிசுக்குப் போகலாமே என்பார்கள். எந்தப் பெயரைச் சொல்லிப் போவது? காசு கட்டியது ஆர் என்று தெரிந்தவர்கள் நீங்கள் மட்டும்தான்.

உங்கள் அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். ஒரு தம்பி மரியாதையாகத்தான் கதைத்தார். "அன்ரி, அது விளம்பரம்தானே. விளம்பரத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை எண்டு கீழ போட்டிருக்கிறம்" என்றார். அவரில் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒரு பழைய கதையை அவருக்கும் உங்களுக்கும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

1485 இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் ஹைன்ரிக் கிராமர் என்றொரு பாதிரியார் சூனியக்காரிகளைப் பிடிக்கிறேன் என்று வழக்கு நடத்தினார். அவருடைய கேள்விகளைக் கேட்டு ஊர் ஆயருக்கே பொறுக்கவில்லை, ஊரை விட்டுப் போகச் சொல்லிவிட்டார். அதோடு முடிந்திருக்க வேண்டிய ஆள். ஆனால் அப்போது அச்சு வந்திருந்தது. கூட்டன்பர்க் பைபிளை அடித்து ஏறக்குறைய 30 வருடம். கிராமர் ஒரு புத்தகம் எழுதினார், சூனியக்காரிகளை அடிக்கும் சம்மட்டி என்று அதற்குப் பெயர். ஓர் ஊர் துரத்திய மனிதரின் பேச்சு அச்சில் ஏறியதும் நாடு நாடாகப் போனது. பின்வந்த காலத்தில் ஐரோப்பாவில் சூனியம் என்ற பெயரில் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 வரை என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். எல்லாம் அந்தப் புத்தகத்தால்தான் என்று சொன்னால் அது பொய். ஆனால் அதை அடித்துக் கொடுத்த அச்சகத்தாரும் உங்கள் தம்பி சொன்னதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அமெரிக்காவில் ஒரு சேலம் இருக்கிறது, மாம்பழச் சேலம் அல்ல. 1692 இல் அங்கே சில சிறுமிகளுக்கு வலிப்பு மாதிரி வர, ஆர் செய்தது என்று தேடினார்கள். முதலில் மாட்டியவர்கள் மூன்று பேர்: ஓர் அடிமைப் பெண், பிச்சை எடுத்துத் திரிந்த ஒருத்தி, வருத்தக்காரியான இன்னொருத்தி. உங்கள் கேரளத்து ஐயாவின் "தனிச்ச பொம்பிளை" அங்கேயும் இருந்திருக்கிறாள். 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒரு கிழவரைக் கல் ஏற்றி நசுக்கினார்கள். அங்கே எல்லாரையும் எரித்தார்கள் என்று படம் பார்த்தவர்கள் சொல்வார்கள், சேலத்தில் ஒருவரையும் எரிக்கவில்லை. அந்த வழக்கில் 1693 இல் தீர்ப்புப் பெற்ற எலிசபெத் ஜோன்சன் என்ற பெண்ணின் பெயரிலிருந்து குற்றத்தை நீக்கியது 2022 இல். 329 வருடம். அதையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர் தங்கள் ஆசிரியையோடு சேர்ந்து விடாமல் கேட்டபடியால்தான் செய்தார்கள். எங்கள் ஒழுங்கை அம்மாவின் விசயத்தில் எத்தனை வருடம் எடுப்பதாக உத்தேசம்?

எங்களை ஆண்ட வெள்ளைக்காரன் கூட 1735 இல் தன் நாட்டுச் சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினான். அதுவரை சூனியக்காரிக்குத் தண்டனை. அதற்குப் பிறகு, எனக்கு மந்திரசக்தி இருக்கிறது என்று சொல்லி ஊரை ஏமாற்றுகிறவனுக்கு ஒரு வருடம் வரை சிறை. குற்றவாளி ஆர் என்று அவ்வளவு முன்னமே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இதெல்லாம் எங்கள் பாரம்பரியம் என்றும் சொல்லிப் பார்ப்பீர்கள். பாரம்பரியத்தில் நற்றிணையும் இருக்கிறது. பிள்ளை காதலில் மெலிந்திருக்க, என்ன பிடித்தது என்று அறியத் தாய் முருகன் பூசாரியான வேலனைக் கூப்பிட்டு வெறியாட்டு என்ற சாமியாட்டம் வைக்கிறாள். தோழி முருகனையே பார்த்து, நீ கடவுளாக இருந்தாலும் இரு, ஆனால் மடையன்தான் என்கிறாள். 1841 இல் உதயதாரகை என்ற தமிழ்ப் பத்திரிகை வந்த யாழ்ப்பாணம் இது. கிறீன் வைத்தியர் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்து, நூல்களையும் தமிழில் அச்சேற்றிய மண். கேரளத்திலிருந்து எங்களுக்கு வந்த ஒரேயொரு உருப்படியான மந்திர நிபுணர், மந்திரக்காரரின் ஏமாற்றுகளை வெளிக்காட்டிய பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர். திருவல்லாக்காரர், யாழ் மத்திய கல்லூரியில் படிப்பித்தவர். ஏமாற்ற இடமில்லாத நிபந்தனையில் ஓர் அற்புதம் செய்து காட்டினால் ஒரு இலட்சம் ரூபாய் என்று அறிவித்தார். 1978 இல் அவர் இறக்கும்வரை ஒருவராலும் அந்தக் காசை வெல்ல முடியவில்லை. அசல் கேரள முறை என்றால் அது.

நான் எல்லாவற்றையும் எதிர்க்கிறவள் அல்ல. பேரனுக்கு நாவூறு என்று செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டிருக்கிறேன், இன்னும் போடுவேன். அச்சரக்கூடு கட்டாத கை எங்கள் ஒழுங்கையில் குறைவு. காணாமற்போன மகன் இருக்கிறானா என்று சாத்திரியிடம் போன தாய்மாரை நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாததால் போனார்கள். ஆனால் என் செத்தல் மிளகாய் பக்கத்து வீட்டைக் கை நீட்டிக் காட்டுவதில்லை. செய்வினைக்கு மட்டும் செய்தவர் ஒருவர் வேண்டியிருக்கிறது. அந்த ஒருவர் எப்போதும் தட்டிக் கேட்க ஆளில்லாதவராகவே இருக்கிறார். சூனியம் என்ற சொல்லுக்கு ஒன்றுமில்லாமை என்றுதான் பொருள். அந்த ஒன்றுமில்லாததற்கு ஒரு இலட்சம் ரூபாயும் ஒரு கிணறும் போய்விட்டன.

பின்னேரம் ஏழு மணிக்கு ரிவியைப் போட்டால் மாமியார் பொம்மையில் ஊசி குத்துகிறார். விடிந்தால் வட்ஸ்அப்பில் கனடாவிலிருந்து காசு அனுப்பிச் செய்யும் தூர வசியம். அவற்றோடு சண்டை பிடிக்க எனக்கு வயதில்லை. கடதாசித் தட்டுப்பாட்டில் கோடு போட்ட கொப்பித் தாளில் பேப்பர் வந்த காலத்திலும் வரிசையில் நின்று வாங்கியவள் என்ற உரிமையில் உங்களிடம் மட்டும் கேட்கிறேன். கொஞ்சம் கூடக் கதைத்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த விளம்பரங்களை இனி ஏற்காதீர்கள், தயவுசெய்து.

அந்த மூலை வெறுமையாகப் போனால் வருமானம் குறையும் என்று தெரியும். பெட்டிக்கு என்ன கட்டணம் என்று அறியத் தாருங்கள். வாசிகசாலையில் நாலைந்து பேர் சேர்ந்து முதல் மாதத்தைக் கட்டுகிறோம். போட வேண்டியது இது: அப்பம் சுட்டுத் தரப்படும், பாலப்பமும் உண்டு, காலை 6 மணி முதல். பெயர், விலாசம், அடையாள அட்டைப் பிரதி எல்லாம் அந்த அம்மா தருவார், கேட்டுவிட்டேன்.

நன்றி.

இப்படிக்கு,
வலிகாமத்திலிருந்து உங்கள் பழைய வாசகி