என் பேரைச் சொல்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு மாலை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். மழைக்கு அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை. நீ சரவாக் கப்பிட்டிலிருந்து பேசினால் பாதி வார்த்தை ஆற்றோடு போய்விடுகிறது. அதனால்தான் கடிதம்.

கட்டொழுங்கு ஆசிரியராகப் பேசப்போகும் முதல் சபைகூடல் பேச்சை அனுப்பியிருந்தாயே, பாப்பா அதைத் தாளில் எடுத்துக் கொடுத்தாள். கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது. தலைமையாசிரியர் பழக்கதோஷம், கோபித்துக்கொள்ளாதே. உன் மலாய் நன்றாக இருக்கிறது. ஆனால் எண்ணிப் பார்த்தேன், 11 அறிவுரை. காலை ஏழரைக்குப் பசியாறாமல் நிற்கிற பையன் மூன்றாவதிலேயே கால் மாற்றி நிற்க ஆரம்பிப்பான். ருக்குன் நெகாரா என்ற நம் தேசியக் கோட்பாடுகளில் ஐந்தாவதே நன்னடத்தையும் ஒழுக்கமும்தான். நீ பேச வருவதற்குச் சற்று முன்னால் அதை அவர்களே உரக்கச் சொல்லி முடித்திருப்பார்கள். அதை நீ மறுபடி 11 துண்டாக வெட்டிக் கொடுக்க வேண்டுமா?

நீ படித்த நன்னெறிப் பாடம் நினைவிருக்கிறதா? 36 பண்புகள். பெயரும் விளக்கமும் பிசகாமல் எழுதினால்தான் எஸ்.பி.எம். தேர்வில் புள்ளி. குளியலறையில்கூட ஒப்பித்துக்கொண்டிருப்பாய். அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமை இரவு நம் பள்ளியில் படித்துப்போன பையன்கள் வீட்டு வராந்தாவில் வந்து உட்காருவார்கள் அல்லவா? ஒரு நாள் அவர்களிடம், “36-ல் எத்தனை தெரியும்?” என்று கேட்டேன். பின்னாலிருந்து ஒருவன், “எந்த 36 ஐயா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. 2013-ல் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டதே, அதில் இருந்த 04, 08, 36 என்ற கும்பல் பெயர்களெல்லாம் எனக்குப் புதிதல்ல. பல வருடம் முன்பே பையன்களின் புத்தகப்பையில் வெள்ளை மையில் படித்துவிட்டேன்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைதான் அவர்கள் என் கையில். 12 வயதில் ஒருவன் மாணவர் தலைவனாக இருப்பான். அடுத்த வருடம் டவுன் இடைநிலைப்பள்ளியில் எல்லாம் மலாய். சிலருக்கு ஒரு வருடம் புகுமுக வகுப்பு, அப்புறம் கடைசி வகுப்பு. அங்கே “வாடா, நம்ம பையன்” என்று முதலில் தோளில் கை போடுகிறவன் யார் என்பதிலேயே பாதி முடிந்துவிடும். விடியாத இருட்டில் தோட்டத்தில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போய் அலுத்துத் திரும்புகிற தாய் தகப்பனுக்கு, பையன் யாரோடு பஸ் ஏறினான் என்று எப்படித் தெரியும்?

நானும் வராந்தாவில் ஒழுக்கம் ஒழுக்கம் என்று நிறையத்தான் பேசினேன். ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரும் போனபிறகு, படிவம் 2 பையன் ஒருவன் மட்டும் செருப்பைத் தேடுவதுபோல நின்றான். “ஐயா, போகக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல” என்றான்.

நாலு பேர் மோட்டார்சைக்கிளில் வந்து வாசலில் நின்று கூப்பிடும்போது, “தப்பு, நான் வரமாட்டேன்” என்று 14 வயதில் யாரால் சொல்ல முடியும்? நாற்பது வயதில் என்னாலேயே முடிந்ததில்லை. தோட்டத்து ஆபீஸ் கிராணிமார் கள்ளுக்கு அழைத்தால் வயிற்றுவலி என்பேன். அவனிடம் சொன்னேன்: “என் பேரைச் சொல். தலைமையாசிரியர் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்காரு, போகலேன்னா அப்பாகிட்ட சொல்லிடுவாருன்னு சொல்லு.” பொய் பேசாதே என்று திங்கட்கிழமைதோறும் சொன்ன அதே வாய்தான். அது பொய்யாகிவிடக் கூடாது என்றுதான் கதவைத் திறந்து வைத்தேன்.

அந்தப் பையன் மற்றவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். எந்த இரவிலும் ஒருவன் இருவர் வந்து நிற்பார்கள். அம்மா மைலோ கலக்கியே ஓய்ந்தாள், மாதம் இரண்டு டின் காலியாகும். யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் மறுபடி வந்திருக்க மாட்டார்கள்.

ஒருவன் வந்த இரவில் மட்டும் நாங்கள் ஈப்போவில் ஒரு கல்யாணத்தில் இருந்தோம். கதவு பூட்டியிருந்தது. அவன் திரும்பி அவர்களோடு போய்விட்டான். படிவம் 3-ல் படிப்பு நின்றது, கொஞ்ச நாள் உள்ளேயும் இருந்தான். இப்போது லோரி ஓட்டுகிறான். கடைத்தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்தி “சாப்பிட்டீங்களா ஐயா?” என்று கேட்பான். அந்தக் கல்யாணம் யாருடையது என்றுகூட எனக்கு இப்போது நினைவில்லை.

பிரம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். 1959-ஆம் ஆண்டுக் கட்டொழுங்கு விதிப்படி அது பள்ளித் தலைவருக்கும் அவர் அதிகாரம் கொடுத்தவருக்கும்தான். பெண் பிள்ளைகள்மேல் படவே கூடாது. உனக்கு எழுத்தில் கொடுத்திருந்தால் தாளைப் பத்திரமாக வை, பிரம்பை அலமாரியில் வை. நான் அடித்திருக்கிறேன், மறைக்கவில்லை. வாங்கியவர்கள் கல்யாணப் பத்திரிகையோடு வந்து, “நீங்க அடிச்சதாலதான் ஐயா இன்னிக்கு நல்லா இருக்கேன்” என்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. வராதவர்கள் என்ன சொல்வார்கள் என்று நமக்குத் தெரியாதே.

சரி, உன் பேச்சுக்கு வருகிறேன். ஒரு வாரத்துக்கு ஒன்றே ஒன்று எடு. இந்த வாரம், “இதைக் கொஞ்சம் வைத்திரு” என்று யார் எதைக் கொடுத்தாலும் வாங்காதே. அடுத்த வாரம், லைசென்ஸ் இல்லாதவன் பின்னால் ஏறாதே. ஒவ்வொன்றிலும் எப்படி நழுவுவது என்று சேர்த்துச் சொல்லிக் கொடு. அங்கே விடுதியில் உன் இபான் இனத்துப் பையன்களைக் கூப்பிடுகிறவன் வேறு எதற்காவது கூப்பிடுவான். அதை நீதான் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. நீ படிவம் 4-ல் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலை உன் கூட்டாளி ஒருவன் வாசல் கேட் அருகே வந்து நின்றான். “நேத்து ராத்திரி நீங்க கூப்பிட்டீங்கன்னு சொல்லிட்டு இவன் பாதியில வந்துட்டான். உண்மையா ஐயா?” என்றான். நான் கூப்பிடவில்லை. நீ உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தாய். “ஆமா, நான்தான் கூப்பிட்டேன், வேலை இருந்துச்சு” என்று சொல்லி அனுப்பினேன். எதிலிருந்து வந்தாய் என்று உன்னிடம் அன்றும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

அம்மா எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். விடுமுறைக்கு வரும்போது எடுத்துப் போ.

அன்புடன்,
அப்பா