உணவக விலை உயர்வு: வாடிக்கையாளரிடம் மறைக்க வேண்டியதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மூலப்பொருள், எரிவாயு, வாடகை, சம்பளம் என எல்லாச் செலவும் ஏறிய பின்னும், வாடிக்கையாளர் போய்விடுவாரோ என்ற அச்சத்தில் விலைப்பட்டியலைத் தொடாமலே நாளைக் கடத்தும் உணவக உரிமையாளர்கள் ஏராளம். இழப்பு தாங்க முடியாத அளவுக்குச் சேர்ந்த பிறகு, ஒரே நாளில் எல்லா உணவுக்கும் பெருமளவில் விலையை ஏற்றுகிறார்கள். இல்லையென்றால் விலையை அப்படியே விட்டுவிட்டுத் தட்டில் வைக்கும் அளவைக் குறைக்கிறார்கள். வாடிக்கையாளர் விலகுவதற்குப் பெரும்பாலும் இவ்விரண்டுமே காரணம் என்பதை, உணவகங்களின் வரவு செலவுக் கணக்கைப் பார்க்கும் தொழிலில் இருக்கும் நான் தங்கள் நாளிதழ் வாயிலாக அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். காலம் தாழ்த்தாமல், சிறுகச் சிறுக, காரணத்தைச் சொல்லி ஏற்றப்படும் விலையைப் பலரும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

அந்த அச்சம் எந்த அளவுக்கு நியாயமானது என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். விற்பனை விலையில் 30 விழுக்காடு மூலப்பொருளுக்குப் போகும் ஓர் உணவின் விலை 100 என்றால், தட்டு ஒன்றுக்கு மிஞ்சுவது 70. வாடகையும் சம்பளமும் லாபமும் இதிலிருந்துதான் வர வேண்டும். மூலப்பொருள் செலவு மாறாத நிலையில் விலையை 5 விழுக்காடு உயர்த்தினால் மிஞ்சுவது 75 ஆகிறது. முன்பு 100 தட்டு விற்றுக் கிடைத்த 7,000, இப்போது 94 தட்டு விற்றாலே 7,050 ஆகக் கிடைத்துவிடும். நூறு பேரில் ஆறு பேர் வராமல் போனாலும் உணவகத்துக்குக் கையிழப்பு இல்லை. ஏழாமவரும் போனால்தான் இழப்பு தொடங்குகிறது. மாறாக, கூட்டம் சேர்ப்பதற்காக விலையை 5 விழுக்காடு குறைத்தால், அதே 7,000ஐ எட்டுவதற்கு 108 தட்டு விற்றாக வேண்டும். இந்தக் கணக்கை ஒருமுறை தம் கையால் போட்டுப் பார்க்கும் உரிமையாளருக்கு அச்சத்தில் பாதி குறைந்துவிடும்.

எல்லா உணவுக்கும் ஒரே விழுக்காட்டில் விலை ஏற்றுவது எளிது, ஆனால் சரியன்று. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கசவானாவும் டொனால்ட் ஸ்மித்தும் 1982ஆம் ஆண்டில் வகுத்துத் தந்த ‘மெனு இன்ஜினியரிங்’ முறை, ஒவ்வோர் உணவையும் இரண்டு அளவுகோல்களால் பார்க்கச் சொல்கிறது: எத்தனை தட்டு விற்கிறது, ஒரு தட்டுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது. நிறைய விற்றும் குறைவாகவே மிஞ்சும் உணவுக்குச் சிறிதளவு விலை ஏற்றலாம். அதிகம் மிஞ்சியும் விற்காத உணவைப் பட்டியலில் கண்ணில் படும் இடத்துக்கு நகர்த்த வேண்டும். விற்கவும் செய்யாமல் மிஞ்சவும் செய்யாததை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் இருப்பும் வீணாவதும் குறைந்து, ஏற்ற வேண்டிய விலையே குறையக்கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தினமும் வருபவர்களுக்கு விலை மனப்பாடமாக இருக்கும் ஓரிரு உணவுகள் எந்த உணவகத்திலும் உண்டு. கடை முழுவதையும் அவர்கள் அவற்றை வைத்தே எடைபோடுவதால், அவற்றின் விலையைக் கடைசியாகவும் மிகக் குறைவாகவும் தொடுவதே நல்லது.

காரணத்தைச் சொல்வது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தாலர் ஆகிய மூவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. பனிப்புயலுக்கு மறுநாள் காலையில், பனி அள்ளும் வாரியின் விலையை ஒரு கடைக்காரர் 15 டாலரிலிருந்து 20 டாலராக்கினால் அது நியாயமா என்று கேட்டபோது, 82 விழுக்காட்டினர் நியாயமில்லை என்றனர். ஆனால் கடைக்காரரின் கொள்முதல் செலவு ஏறி, அதை ஈடுகட்ட அவர் விலையை உயர்த்தும்போது மக்கள் அதை நியாயமாகவே கருதுகிறார்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஆகவே எந்தச் செலவு ஏறியது, எந்த நாளிலிருந்து புதிய விலை என்ற இரண்டையும் சில நாள்களுக்கு முன்பே கல்லாவுக்கு அருகில் இரண்டு வரிகளில் எழுதி வைப்பது பெரும் பயன் தரும். உணவு பரிமாறுபவருக்கும் அந்தக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் முதலில் கேட்பது அவரிடம்தான்.

இதற்கு நேர்மாறாக, மறைத்து ஏற்றும் வழிகளை நாடுபவர்களும் உண்டு. விலைக்கு முன் நாணயக் குறி இல்லாத பட்டியலைப் பார்த்து உண்டவர்கள் சற்று அதிகமாகச் செலவிட்டதாக கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2009இல் கண்டது. குறியை நீக்குவதில் தவறில்லை. ஆனால் வாரம் மூன்று முறை வருபவர் பட்டியலை விரித்துப் பார்ப்பதே அரிது, அவர் நினைவில் நிற்பது பில்லின் மொத்தத் தொகை. அளவைச் சொல்லாமல் குறைப்பதும், மட்டமான மூலப்பொருளுக்கு மாறுவதும் இன்னும் கேடானவை. விலை ஏறினால் வாடிக்கையாளர் முணுமுணுப்பார், காரணம் கேட்பார். பதில் சொல்ல ஒரு வாய்ப்பாவது உண்டு. அளவு குறைந்ததைக் கண்டுகொண்டவரோ ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விடுகிறார், திரும்பி வருவதுமில்லை. சிறிய அளவில் உண்ண விரும்புபவர்களுக்காகப் பாதி அளவைத் தனி விலையுடன் பட்டியலில் போட்டால், அதுவே நேர்மையான வழியாகிவிடும்.

புதிய விலை வரும் நாளில் அச்சிட்ட பட்டியல், சுவரில் உள்ள பலகை, இணையத்தில் உள்ள விலை, பில் இயந்திரம் ஆகிய எல்லாவற்றிலும் ஒரே விலை இருக்க வேண்டும். பட்டியலில் ஒன்றும் பில்லில் ஒன்றுமாக இருந்தால், தொகை சிறிதானாலும் நம்பிக்கை போய்விடும். பழைய விலையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதும் வேண்டாம். அதை உரித்துப் பார்க்காதவர் குறைவு.

அதன்பின் மூன்று மாதங்களுக்காவது தட்டுகளின் எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். விலை ஏறிய மாதத்தில் ஆட்கள் குறைந்தாலும் விற்பனைத் தொகை கூடுதலாகவே தெரியக்கூடும் என்பதால், தொகையை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துவிடுவார். குறிப்பிட்ட ஓர் உணவின் எண்ணிக்கை தொடர்ந்து சரிந்தால், அதன் விலையை மட்டும் திரும்பக் குறைப்பதில் இழிவு ஏதுமில்லை.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். மூலப்பொருள்களின் விலை ஏறும்போது பெரிய செய்தியாக வெளியிடுவதைப் போலவே, அது இறங்கும்போதும் வெளியிட வேண்டும். செலவு குறைந்தால் விலையைக் குறைத்தாக வேண்டும் என்று பெரும்பாலான மக்கள் எதிர்பார்ப்பதில்லை என்பதும் மேற்சொன்ன 1986ஆம் ஆண்டு ஆய்வில் தெரியவந்ததுதான். எனினும், ஏற்றத்துக்குக் காரணம் எழுதி வைத்த அதே பலகையில் செலவு இறங்கியதையும் எழுதி, அந்த உணவின் விலையைச் சற்றேனும் குறைக்கும் உரிமையாளர் அடுத்த முறை விலை ஏற்றும்போது, அவர் சொல்லும் காரணத்தை வாடிக்கையாளர் நம்புவார்.

இங்ஙனம்,
உணவகக் கணக்காளர் ஒருவர்