சிவப்புக் குதிகால்

அன்புள்ள கண்ணு,

குட்டியின் துணிக்குரங்குக்கு வாய் ஏன் இப்படிச் சிவப்பாகப் பிதுங்கி நிற்கிறது என்று கேட்டிருந்தாய். அது சாக்ஸின் குதிகால். ஒரு சாக்ஸில் தலை, உடம்பு, கால்கள். இன்னொன்றை வெட்டிக் கை, வால், காது செய்துவிட்டு, அதன் குதிகாலை முகத்தில் வைத்துத் தைப்பார்கள். அந்தச் சாக்ஸின் சொந்த ஊர் ராக்ஃபோர்டு, உன் சிகாகோவுக்குப் பக்கம்தான்.

ஸ்வீடனிலிருந்து வந்து குடியேறிய ஜான் நெல்சன் 1869-ல் சாக்ஸ் பின்னும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். 1589-ல் வில்லியம் லீ செய்த பின்னல் தறி தட்டையாகத்தான் பின்னும். பிறகு முதுகுப்பக்கம் தைத்து மூட வேண்டும். நெல்சன் நிட்டிங் கம்பெனி பெயர் வாங்கியது தையலே இல்லாத, தடித்த வேலைக்காரர் சாக்ஸில்.

சாக்ஸின் குழாய் பாகத்தைப் பின்னுவதில் பெரிய வித்தை இல்லை. ஊசிகள் வட்டமாக நிற்கும் சிலிண்டர் ஒரே திசையில் சுற்றினால் வந்துகொண்டே இருக்கும். குதிகாலில்தான் விஷயம். 144 ஊசி மெஷின் என்று வைத்துக்கொள். குதிகால் தொடங்கும்போது மேல்பாதப் பக்கத்து 72 ஊசிகள் வேலையிலிருந்து ஒதுங்கும். மீதி 72-ல் பின்னிக்கொண்டு சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடும். ஆட்டத்துக்கு ஒன்றாக ஓரத்து ஊசியைப் பிக்கர் என்ற சின்ன நெம்புகோல் மேலே தூக்கி வேலையிலிருந்து விலக்கிவிடும். பக்கத்துக்கு 24 போய் நடுவில் 24 மிஞ்சியதும், தூக்கியதெல்லாம் திரும்ப இறங்க ஆரம்பிக்கும். பழைய மெஷின்களில் தூக்கும் பிக்கர் அப்போதும் சும்மா இருக்காது. அது ஒன்றைத் தூக்க, இறக்கும் பிக்கர் இரண்டை இறக்கும். ஆக, ஆட்டத்துக்கு ஒரு ஊசி வேலைக்குத் திரும்பும். அகலம் குறைந்து கூடிய இடம் பை போலக் குழிந்துவிடும்.

கெடுவதும் இங்கேதான். திசை மாறும் நொடியில் நூல் தொய்யும். டேக்-அப் ஸ்பிரிங் அதை இழுத்துக்கொள்ளாவிட்டால் குறைத்ததும் கூட்டியதும் சேரும் குதிகாலின் சாய்வுக் கோட்டில் வரிசையாக ஓட்டை விழும். ஓட்டையைப் பார்த்ததும் நூலின் டென்ஷனை முறுக்குகிற ஆட்கள் எங்கேயும் உண்டு. முறுக்கினால் சாக்ஸ் முழுக்க இறுகி சைஸ் குறையும், ஓட்டை போகாது. பிக்கர் நுனி தேய்ந்தாலோ சில ஊசிகளைத் தூக்காமல் விட்டுவிடும். இரண்டு பக்கக் கணக்கும் பொருந்தாமல் குதிகால் கோணிக்கொள்ளும்.

சரக்கு நன்றாக ஓடியதும் மற்ற மில்காரர்களும் அதே மாதிரி போட்டார்கள். யார் போட்டாலும் கடையில் அதற்கு ‘ராக்ஃபோர்டு’ என்றே பெயர். மெஷினுக்குக் காப்புரிமை இருந்து என்ன, பெயர் கைநழுவிவிட்டதே. 1932-ல் நெல்சன் கம்பெனி தன் சாக்ஸின் குதிகாலைச் சிவப்பாக்கியது. அவர்கள் செய்ததிலேயே கெட்டிக்கார வேலை அதுதான் என்பேன். லேபிள் கழன்றுவிடும், முத்திரை வெளுத்துவிடும். குதிகாலைப் பிரித்தெடுக்க முடியாது. குதிகாலுக்கு மெஷின் எப்படியும் ஓட்டத்தை மாற்றுகிறது. அந்த இடத்தில் நூலையும் மாற்றிக் கொடுத்தால் போதும். சாயம் மட்டும் கெட்டியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே சாக்ஸ் முழுக்க ரோஸ் நிறம் ஏறிவிடும்.

1930-களின் பொருளாதார மந்த காலத்தில் கிழிந்த சாக்ஸைக் குரங்காக்கியது வீட்டுப் பெண்கள்தான், கம்பெனி இல்லை. குரங்கின் வடிவத்துக்கான காப்புரிமை வழக்கில் இழுபட்டபோது, 1953-ல்தான் கம்பெனிக்கே இது தெரியவந்தது. 1955-ல் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. அதன் பிறகு ஜோடிக்கு ஒன்றாகக் குரங்கு தைக்கும் முறையை அச்சடித்து உள்ளே வைத்தார்கள். இனாமாகக் கிடைத்த விளம்பரம்! 1992-ல் அயோவாவின் ஃபாக்ஸ் ரிவர் மில்ஸ் இந்தக் கம்பெனியை வாங்கியது.

போட்டுக்கொள்ள ஒரு ஜோடி வாங்குவதாக இருந்தால் உள்பக்கம் திருப்பிப் பார். சாய்வுக் கோட்டில் இரண்டு விரலை விட்டு விரித்தால் துவாரம் தெரியக் கூடாது. கால்விரல் நுனிப் பக்கம் கண்ணிக்குக் கண்ணி கோத்து மூடியிருந்தால் தடவும்போது தட்டுப்படாது. ஓவர்லாக் அடித்திருந்தால் தடிப்பாக மேடு இருக்கும், அதை வாங்காதே.

அன்புடன்,
அப்பா