சாவி வைத்திருந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பான எல்லோருக்கும் வணக்கம்.

பழைய கொழும்பின் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டு போகும் எங்கள் ஞாயிறு நடை தை மாதம் தொடங்கி, கார்த்திகையோடு இந்த வருடத்துக்கு முடிந்தது. மழை கெடுத்த இரண்டு மாதங்களைக் கழித்தால் ஒன்பது நடை. அதோடு வெள்ளவத்தையில் நான்கு மாலைப் பேச்சு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நூதனசாலைப் பயணம். 1845இல் தொடங்கிய ராயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை மாதிரிப் பெரிய சங்கம் இல்லை நாங்கள். எங்களிடம் இருப்பது ஒரு ரசீதுப் புத்தகமும் ஒரு கைஒலிபெருக்கியும்தான். ஒலிபெருக்கியும் இரவல். காசு இல்லாத வேலைக்கு ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்தே ஒரு மாதம் ஓடிவிட்டது. அதனால் இந்த மடல். பாதிப் பேர் "என்ட பேரைப் போடாதேங்கோ" என்று சொல்லிவிட்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதலில், வுல்பெண்டால் தேவாலயத்தின் கதவைத் திறந்துவிட்ட ஐயாவுக்கு.

முதல் நடைக்குப் பதினொரு பேர்தான் வந்தோம். ஆராதனை முடிந்து கதவு பூட்டியிருந்தது. "பதினொரு பேருக்காக எதற்கு ஐயா சிரமம், வெளியில் நின்று பார்த்துவிட்டுப் போகிறோம்" என்றேன். அவர் பதிலே சொல்லாமல் சாவியைப் போட்டார். 1749இல் ஒல்லாந்தர் அத்திவாரம் போட்டு 1757இல் முடித்த கட்டடம் அது. சுவர் ஐந்து அடி கனம் இருக்கும். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே கால் வைத்ததும் உடம்பு குளிர்கிறது. கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்தின் கல்லறைக் கற்களை 1813இல் இங்கே கொண்டுவந்து பதித்தார்கள் என்று நான் படித்துவைத்ததை ஒப்புவித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவப் பார்த்தேன்.

"தம்பி, கொஞ்சம் நில்லுங்கோ" என்றார் ஐயா. கைத்தொலைபேசியின் டோர்ச்சைப் போட்டு, அதை அப்படியே நிலத்தில் படுக்க வைத்தார். மேலே நின்று பார்த்தால் தேய்ந்து வழுவழுத்த வெறும் கல். வெளிச்சம் பக்கத்திலிருந்து விழுந்ததும் எழுத்தெல்லாம் எழும்பி நின்றது. வந்திருந்தவர்களில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருத்தி குந்தியிருந்து, ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவி வாசிக்கத் தொடங்கினாள். ஒல்லாந்த மொழி அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆனாலும் அரை மணி நேரம் அங்கேயே போனது. அன்றைக்குப் போக இருந்த மற்ற இரண்டு இடங்களுக்கும் போகவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு எல்லா நடைக்கும் என் பையில் ஒரு டோர்ச் இருக்கிறது.

கொழும்பில் இப்படியான நடைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அநேகமானவை ஆங்கிலத்தில்தான். கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் ஐம்பது அறுபது வருடம் நடந்து திரிந்த அம்மம்மாக்கள் அவர்களுடைய தெருவின் கதையைக் கேட்க இன்னொரு மொழிக்குப் போக வேண்டியிருக்கிறது. தமிழில் நடத்துவோம் என்று தொடங்கியதற்கு இதுதான் காரணம், வேறு பெரிய கொள்கை எதுவும் இல்லை. தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, தமிழில் சொல்வது லேசான வேலை இல்லை என்று. கெய்மன்ஸ் கேட்டில் நின்று அந்த மணிக்கோபுரத்துக்கு விளக்கம் சொல்லும்போது பாதி ஆங்கிலம் கலந்து உளறினேன். "கெய்மன் எண்டா முதலை, முதலை வாசல் எண்டு சொல்லுங்கோவன்" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்த ஆசிரியை அக்கா, அடுத்த நடையிலிருந்து என் குறிப்பையெல்லாம் வாங்கித் திருத்தித் தந்தார். சிவப்பு மையில். நன்றி அக்கா. இன்னும் கொஞ்சம் இரக்கம் காட்டலாம்.

செட்டியார் தெருவில் எனக்குக் கிடைத்த திருத்தம் இன்னும் பெரியது. ஆடிவேலுக்கு முந்திய ஞாயிறு அங்கே போனோம். 1870களில் கொலரா பயத்தில் கதிர்காம யாத்திரையைக் கட்டுப்படுத்திய காலத்தில், கொழும்பிலேயே வேல் எடுத்த கதையைக் கதிரேசன் கோயில் வாசலில் சொன்னேன். அது சரியாகத்தான் போனது. அந்த உற்சாகத்தில், கொழும்புச் செட்டிகளின் பெயரால் வந்த தெரு இது என்று ஒரு போடு போட்டேன். எங்களுக்காகவே ஞாயிற்றுக்கிழமை நகைப் பட்டறையைத் திறந்து வைத்திருந்த பத்தர் ஐயா எல்லோர் முன்னாலும் எதுவும் சொல்லவில்லை. உள்ளே போனதும் என்னை மட்டும் தள்ளிக் கூட்டிப்போய், "அவை வேற ஆக்கள் தம்பி. கொழும்புச் செட்டிகள் அநேகம் பேர் வேதக்காரர், கிறிஸ்தவ ஆக்கள். கோயில் கட்டினது நகரத்தார், நாட்டுக்கோட்டைச் செட்டியார்" என்றார். வெளியே வந்து நானே எல்லோருக்கும் திருத்திச் சொன்னேன். கூட்டத்தில் குனிய வைக்காமல் திருத்தியதற்கு, ஐயா, தனியாக ஒரு நன்றி.

அந்தப் பட்டறையையும் சொல்லியாக வேண்டும். ஆறு பேர் நின்றால் நிறைந்துவிடும். ஊதுகுழல், குறடு, கரி படிந்த மேசை, மேசைக்குக் கீழே துகள் விழுந்தால் தாங்க ஒரு தோல். வாசலில் ஒரு சாக்கு. நாங்கள் வெளியேறும்போது பத்தர் ஐயா கையைக் காட்டி மறித்தார். "காலைத் தட்டிப்போட்டுப் போங்கோ. உங்களோட சேர்ந்து என்ட பொன்னும் வெள்ளவத்தைக்குப் போயிடும்." கூட்டிப் பெருக்கிய குப்பையைக்கூட எறியாமல் சேர்த்து வைத்து, அதிலிருந்து பொன் பிரித்தெடுக்கக் கொடுப்பார்களாம். முப்பத்தைந்து பேரும் வரிசையாக நின்று சாக்கில் காலைத் தேய்த்ததுதான் இந்த வருடத்தின் மிகச் சிறந்த காட்சி என்பது என் முடிவு. வேறு கருத்து உள்ளவர்கள் எழுதலாம்.

கொழும்புத் தேசிய நூதனசாலைப் பயணத்தில் பஸ் காலை வாரியது. முற்பணம் வாங்கிய ஒருவர் விடியற்காலை ஐந்தரைக்கு "வண்டி பழுது" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு போனை நிறுத்திவிட்டார். இருபத்தேழு பிள்ளைகள், ஐந்து பெரியவர்கள், காலி வீதி ஓரத்தில். எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. ஓட்டோத் தரிப்பிடத்தில் நின்ற முஸ்லிம் நானா ஒருவரிடம் போய்ச் சொன்னேன். அவர் நாலைந்து பேருக்குப் போன் போட, கால் மணி நேரத்தில் பதினொரு ஓட்டோ வந்து நின்றது. பெற்றோல் காசுக்கு மேல் ஒருவரும் வாங்கவில்லை. முற்பணம் இன்னும் வந்து சேரவில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

அந்த நானாவும் எங்களோடு உள்ளே வந்தார். 1877இல் திறந்த கட்டடம் இது, கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார் என்ற முஸ்லிம் ஒப்பந்தக்காரர் என்றதும் நிமிர்ந்து ஒருமுறை முழுக்கப் பார்த்தார். அப்புறம் மும்மொழிக் கல்லுக்கு முன்னால் வந்தோம். சீனத் தளபதி செங் ஹே 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுக் கொண்டுவந்த கல். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரக் கோயிலின் தெய்வமான தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு என்று மூன்றிலும் ஏறக்குறைய ஒரே பட்டியல். 1911இல் காலி நகரில் கண்டெடுத்தபோது ஒரு மதகை மூடிக் கவிழ்ந்து கிடந்தது. காலி என்றதும், "எங்கட ஊர்க் கல்லா இது?" என்றார் நானா. "ஏன் மூன்று பேருக்கும் ஒரே சாமானைக் குடுத்தவை?" என்று ஒரு பொடியன் என்னைக் கேட்டான். நான் வசனம் தேடிக்கொண்டிருக்க, நானா முந்திக்கொண்டார்: "வீட்டில மூணு புள்ள இருந்தா வெளங்கும் மகன்."

மாலைப் பேச்சுகளுக்கு மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்தவர்களுக்கும், கதிரை அடுக்கிய தம்பிமாருக்கும் நன்றி. மூன்றாவது பேச்சுக்கு முறையாகப் பேச வேண்டியவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழும்பி, சின்ன வயதில் கிராண்ட்பாஸுக்குத் திராம் வண்டியில் போனதைச் சொல்லத் தொடங்கினார். வழியை எங்கள் அறிவித்தலின் பின்பக்கத்திலேயே பேனாவால் கீறிக் காட்டினார். எந்த முடக்கில் திராம் மெதுவாகும், எங்கே பொடியன்கள் தாவி ஏறுவார்கள் என்பதற்கெல்லாம் அதில் புள்ளி இருக்கிறது. அந்தக் கடதாசியைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறோம். ஐயா, பிரதி ஒன்று உங்களுக்கு வருகிறது.

இன்னும் சிலர். கோட்டை வெளிச்சவீட்டு மணிக்கூட்டை (1857இல் கோபுரம், 1867இல் விளக்கு, 1952 வரை எரிந்தது) பார்க்கப் போன அன்று, எந்தப் பக்கம் படம் எடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லித் தந்த காவல் கடமைத் தம்பி. சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் திடீர் மழையில் நாற்பது பேரைக் கடைக்குள் ஏற்றி, எல்லோருக்கும் பிளேன் ரீ ஊற்றித் தந்த புடைவைக்கடை முதலாளி. ஒன்பது நடைக்கும் உளுந்து வடை சுட்டுத் தந்த கொச்சிக்கடை அக்கா. உங்கள் வடைக்காகத்தான் சிலர் வந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும், அதில் எங்களுக்கு மனவருத்தம் இல்லை.

கடைசியாக ஒரு விஷயம். இரண்டு குடை, ஒரு நீலத் தண்ணீர்ப் போத்தல், ஒரு வாசிப்புக் கண்ணாடி எங்களிடம் இருக்கின்றன. உரியவர்கள் கேட்டால் தரலாம். அக்கா, உங்கள் வடைக் கூடையும் என் வீட்டில்தான். சனிக்கிழமை பின்னேரம் கொண்டுவந்து தருகிறேன், வெறும் கூடையாக இல்லை.

அன்புடன்,
நடை ஏற்பாட்டுக் குழுவுக்காக,
வெள்ளவத்தை, கொழும்பு 06