தோட்டம் ஊராகிவிட்டது, பட்டா இன்னும் தாத்தா பெயரில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் தாத்தாவின் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது அறுபது வீடுகளுக்கு மேல் இருக்கின்றன, ரேஷன் கடையும் மாரியம்மன் கோயிலும் வந்துவிட்டன. ஆனால் பஸ் கண்டக்டர் இன்றும் "தோட்டம் இறங்கு" என்றுதான் குரல் கொடுப்பார்.

முதலில் அங்கே மலைவாழைதான். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற விருப்பாச்சிப் பழம், குதிரை மேல் தார் கட்டி இறக்குவார்கள். 1970-களில் முடிக்கொத்து நோய் வந்து மலையையே காலி செய்தது. அசுவினிப் பூச்சி பரப்புகிற நோய், கன்றோடும் கூடவே வரும், அது தெரியாமல் நோய்த் தோட்டத்துக் கன்றையே எடுத்து எடுத்து நட்டோம். அப்புறம்தான் சில்வர் ஓக் நிழலில் காபி. பழம் பறிக்க ஆள் வேண்டுமே, வத்தலக்குண்டு பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கொஞ்ச நாள் தோட்டத்துக் கொட்டகையில் தங்கினார்கள், பிறகு தாத்தாவே காபிக் களத்துக்கு மேல்புறச் சரிவைக் காட்டி "இங்கே கட்டிக்கோங்க" என்றார். ஒரு துண்டுச் சீட்டு எழுதவில்லை, வாடகையும் வாங்கவில்லை. அவர் இருந்தவரை அந்தச் சொல்லே போதுமாக இருந்தது.

இப்போது வாரிசுகள் நாங்கள் பதினான்கு பேர், பாதிப் பேர் திருப்பூரிலும் சென்னையிலும். ரிசார்ட் கட்டுகிறவர்கள் நிலம் கேட்டு வர ஆரம்பித்ததும் "வீடுகளும் நம் பட்டாவில்தானே இருக்கு" என்ற பேச்சு வந்துவிட்டது. போன மாதம் நிலத்தை அளக்க ஆள் வந்தபோது, சின்ன வயதில் என்னைத் தூக்கி வளர்த்த பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, எங்களைப் போகச் சொல்லிருவாங்களா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. எங்கள் படிப்பும் கல்யாணமும் அவர்கள் பறித்த காபியில் நடந்தவை, அந்த வீடுகள் அவர்களுடையவை, இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நத்தமாக இருந்தால் அவரவர் பெயரில் பட்டா வாங்கிவிடலாம். இது புஞ்சை, அதுவும் இறந்தவர் பெயரில். சொந்தப் பட்டா இல்லாததால் அரசு வீட்டுத் திட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை. நாங்களாகவே எழுதிக் கொடுக்கலாம் என்றால் வாரிசுச் சான்று, நிலத்தைத் தனித்தனியாகப் பிரிக்கும் உட்பிரிவு என்று அலைய வேண்டும், ரத்த உறவுக்குக் கிடைக்கும் முத்திரைத் தீர்வைச் சலுகையும் கிடையாது. வருடா வருடம் நடக்கும் வருவாய்த் துறை ஜமாபந்தியில் இரண்டு முறை மனு கொடுத்தேன், ரசீதுதான் மிச்சம். மலையில் தோட்டத்திலிருந்து உருவான இப்படிப்பட்ட ஊர்களுக்குத் தனி முகாம் போட்டு, எழுதிக் கொடுக்க முன்வருகிறவர்களுக்குத் தீர்வையைக் குறைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாக அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

என் பங்குக்கு நான் கையெழுத்துப் போடத் தயார். என் தங்கையும் சரி என்றுவிட்டாள். மீதிப் பன்னிரண்டு பேரில் யாராவது இதைப் படித்தால், விற்பதற்கு முன் ஒரு தடவை ஊருக்கு வந்து அந்தப் பாட்டியைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தாண்டிக்குடி.