கல்லூரி மனநலச் செயலியின் ஓ.டி.பி. முறையை மாற்றக் கோரும் மனு

பெறுநர்
உயர்திரு மண்டல இணை இயக்குநர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முன்பு கொடுத்த மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு வந்தது, பதில் வரவில்லை. தாங்கள் அறிந்த வட்டாரம்தான். புறவழிச்சாலைக்கு அந்தப் பக்கம் கல்லூரி. பிள்ளைகள் பெரும்பாலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். சேர்க்கைப் படிவத்தில் அப்பாவின் கைபேசி எண்தான் இருக்கும்.

1. செயலியில் பதிவெண்ணை இட்டதும் அப்பாவின் அந்தக் கைபேசி எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. போகிறது. "மனநல ஆலோசனைச் செயலிக்கான ஓ.டி.பி." என்று தகப்பனாரின் போனில் வந்து விழுகிறது. விடுதியில் இருக்கும் பெண் இரவு பதினொரு மணிக்கு அவரை எழுப்பி அந்த ஆறு இலக்கத்தைக் கேட்க வேண்டும். கேட்டால், "படிச்சது போதும், வா" என்று காலையில் முதல் பஸ்ஸுக்கே வந்து நிற்பாரோ என்று பயம். வீட்டில் சொல்ல முடியாததைச் சொல்லத்தானே ஐயா செயலி? சேர்க்கைப் பதிவேட்டோடு உள்ள இணைப்பைத் துண்டியுங்கள். அதற்குப் பதில், செயலியில் நுழைவதற்கான குறியீட்டு எண் அச்சிட்ட அட்டைகளை மூடிய உறையில் இட்டு, கலைத்து, வகுப்பில் ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னால் போதும். எந்த அட்டை யாரிடம் என்று கல்லூரிக்குத் தெரியாது. இரகசியக் குறியீடான பின் (PIN) எண்ணை மாணவரே வைத்துக்கொள்ளட்டும். அவசரத்துக்கு, தாம் நம்பும் ஒருவரின் எண்ணை அவரே தரட்டும்.

2. செயலியில் உள்ள பி.எச்.க்யூ-9 என்பது மனச்சோர்வை அளவிடும் ஒன்பது கேள்விகள் கொண்ட வினாப்பட்டியல். கேள்விக்கு 0 முதல் 3 வரை, அதிகபட்சம் மொத்தம் 27. அந்த மதிப்பெண் வகுப்புப் பொறுப்பாசிரியரின் திரையில் தெரிகிறது. இன்டர்னல் மார்க் போடுபவர் பார்க்கிறார் என்றால் யார் உண்மையைச் சொல்வார்கள்? எல்லாவற்றுக்கும் 0 போட்டுவிடுகிறார்கள். "பாதிப்பு இல்லை" என்று அறிக்கை போகிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23 இரகசியத்தை உரிமை என்கிறது. ஆலோசகர் தவிர எவரும் பார்க்கக் கூடாது.

3. ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்ற நினைப்பைப் பற்றியது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைந்தாலும், இதற்கு 0 அல்லாத எந்தப் பதில் வந்தாலும் அதே திரையில் 14416, அதாவது அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் அழைப்புப் பொத்தான் வர வேண்டும். அது 24 மணி நேரமும் இயங்கும் எண். இப்போது வருவது "நன்றி, உங்கள் பதில் பதிவானது". சாக நினைக்கும் பிள்ளைக்கு இதுவா பதில்?

4. அதே பொத்தான் உள்நுழைவுக்கு முன்பே, முதல் திரையில், நெட் இல்லாமலும் வேலை செய்ய வேண்டும்.

5. செயலியின் நிறத்தை மாற்றினார்கள். தியான இசை சேர்த்தார்கள். ஓ.டி.பி.யை மட்டும் யாரும் தொடவில்லை!

ஐயா, மற்றவை பிறகு வரட்டும். ஓ.டி.பி. பெற்றோர் எண்ணுக்குப் போவதை இந்தப் பருவத் தேர்வுக்கு முன் நிறுத்துங்கள். அதுவரை மதிப்பெண் சேகரிப்பதையாவது நிறுத்திவைக்க ஆணையிடுமாறு மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மாணவர் நல ஆலோசகர்கள், உளவியல் துறை ஆசிரியர்கள்