வாங்கும்போது ஆற்று முத்து, விற்கும்போது ஜப்பான் முத்தா?

தமிழ்நாட்டு நகைக்கடை உரிமையாளர்களுக்கும், உங்கள் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

வெளிநாட்டில் உதிரி முத்து வாங்கிவந்து உங்கள் கடைகளுக்குக் கொடுக்கும் சிறு வியாபாரிகளில் நானும் ஒருவன். இறக்குமதி எண் எடுத்து, சுங்கவரி கட்டி, ஜிஎஸ்டி பில்லோடுதான் சரக்கு தருகிறேன். லாபம் வைத்து விற்கிறேன்; நீங்களும் அப்படித்தான். அதில் எனக்குக் குறை ஏதும் இல்லை. என் கையிலிருந்து உங்கள் கல்லாவுக்குப் போகிற வழியில் முத்து தன் பெயரை மாற்றிக்கொள்கிறதே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நான் பெரும்பாலும் கொண்டுவருவது சீனாவின் செஜியாங் மாகாணத்தில் உள்ள ஜூஜி சந்தைச் சரக்கு. ஆற்று முத்து என்று நாம் சொல்லும் நன்னீர் முத்தில், உலகத்து விளைச்சலின் மிகப் பெரும் பங்கு சீனாவில்தான். அங்கே சாதா ரகம் கிலோ கணக்கில் கைமாறும். காரணம் எளிது. குளத்துச் சிப்பி ஒன்றுக்குள் சதைத் துணுக்குகளை வைத்து ஒரே நேரத்தில் பல டஜன் முத்துகளை வளர்க்கலாம். ஜப்பானின் அகோயா கடல் சிப்பியிலோ உருண்டை ஒன்றை உள்ளே வைத்து ஒன்றோ இரண்டோ எடுப்பதுதான் வழக்கம். அதனால்தான் அந்த முத்தை மொம்மே என்ற 3.75 கிராம் எடைக்கு விலை பேசுகிறார்கள். இரண்டும் வளர்ப்பு முத்துதான், இரண்டும் அழகுதான். விலை மட்டும் பல மடங்கு வேறு.

நன்னீர் முத்து மட்டம் என்று நான் சொல்லவில்லை. 7 மில்லிமீட்டர் முத்தில் 16 அங்குலச் சரம் ஒன்று கோர்க்க ஏறக்குறைய 58 முத்து வேண்டும். அந்த 58-ம் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே பளபளப்பாக இருக்க வேண்டும். வெள்ளைத் துணியில் கொட்டி, வடக்கு வெளிச்சத்தில் வைத்துப் பொறுக்கினால், ஒரு குவியலில் பெரும்பகுதி ஒதுங்கிவிடும். ஒன்று லேசாக ரோஜா நிறம் அடிக்கும், இன்னொன்றின் இடுப்பில் வளையம் இருக்கும். இந்தப் பொறுக்கலுக்குத்தான் நான் காசு வாங்குகிறேன். துளையிடுவது, முடிச்சுப் போடுவது, விற்காமல் வருடக்கணக்கில் பெட்டியில் தூங்கும் சரக்கு, இதற்கெல்லாம் சேர்த்து நீங்கள் வாங்குகிறீர்கள். நியாயம்தான்.

ஆனால் ஒரு கடைக்கு நான் கொடுத்த சரத்தை, கொஞ்ச நாள் கழித்து அதே கடையின் கண்ணாடிப் பெட்டியில் பார்த்தேன். கொக்கிக்கு அடுத்த முத்தில் துளை ஓரமாக இருந்த சின்னக் குழியும் அப்படியே இருந்தது. பில்லில் நான் எழுதிக் கொடுத்தது ‘நன்னீர் வளர்ப்பு முத்து’. அட்டையில் இருந்தது ‘ஜப்பான் முத்து’. ஒரு அம்மா மகள் கல்யாணத்துக்காக அதைக் கழுத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “கடல் முத்துதானே தம்பி?” என்று விற்பனையாளரிடம் கேட்டார். “ஆமாம்மா, சுத்தமான கடல் முத்து” என்றார் அவர். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் சொன்னார்.

அதே சரத்தை நாளைக்கு அந்த அம்மா விற்க வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். தங்கக் கொக்கியை மட்டும் எடை போடுவீர்கள். முத்துக்கு? கல் கழிவு என்று எடையில் தள்ளிவிடுவீர்கள். “இதெல்லாம் சைனா முத்தும்மா, மதிப்பே கிடையாது.” என்னிடம் வாங்கும்போது ஆற்று முத்து, அவருக்கு விற்கும்போது கடல் முத்து, திரும்பி வரும்போது மறுபடி சீனத்து முத்து.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. பஹ்ரைனில் வளர்ப்பு முத்து விற்கச் சட்டப்படி தடை. அங்கே டானாட் என்ற பரிசோதனைக்கூடம், சிப்பியில் தானாக விளைந்த இயற்கை முத்துக்குச் சான்றிதழ் தருகிறது. அங்கே உழைத்துச் சேர்த்த காசில் சான்றிதழோடு ஒன்றிரண்டு முத்து வாங்கிவந்த ஆள் உங்கள் கடைக்கு வந்தால், தாளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கிலோ விலையைச் சொல்வது எந்த ஊர் நியாயம்? அவர் நகைக்கடைக்காரர் அல்ல. துளையிடாத ஒற்றை முத்துக்கு ஜோடி தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லிக் குறைத்துக் கேளுங்கள், தப்பில்லை. வரி கட்டிய ரசீதும் கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். ஆனால் இயற்கை முத்தை இயற்கை முத்து என்று ஒப்புக்கொண்டு பேரம் பேசுங்கள்.

கண்டுபிடிக்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். பத்து மடங்கு லென்ஸ் உங்கள் எல்லோர் மேசையிலும் கிடக்கிறது. துளைக்குள் பார்த்தால், அகோயாவில் உள் உருண்டைக்கும் மேல் படிவத்துக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். சாதாரண நன்னீர் முத்தில் அந்தக் கோடு இருக்காது. சாயம் ஏற்றியிருந்தால் துளை ஓரத்தில் நிறம் திட்டாகத் தேங்கியிருக்கும். உருண்டை வைத்து வளர்க்கும் பெரிய நன்னீர் முத்துகள் இப்போது வருகின்றன. அவற்றுக்கும், இயற்கையா வளர்ப்பா என்ற கேள்விக்கும் எக்ஸ்ரே உள்ள பரிசோதனைக்கூடம் வேண்டும். சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்று சொல்லலாமே. ராசிக்கு மோதிரம் என்று வருகிறவரிடம் மட்டும் ஏன் இவ்வளவு உறுதியாகப் பேசுகிறோம்?

தங்கத்தில் இந்த ஒழுங்கு வந்துவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க ஹால்மார்க் அடையாள எண் இல்லாமல் நகை விற்க முடியாது. வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை. முத்துக்கு அப்படி ஒரு முத்திரை இல்லை. ஆனால் முத்தைப் பிரித்துப் பெயர் சொல்லி விற்பது நமக்குப் புதிதும் இல்லை. மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில், 20 துளையிலிருந்து 1000 துளை வரை உள்ள பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலித்து, உருண்டையும் ஒளியும் பார்த்து ரகம் பிரித்தார்கள். உருண்டையும் ஒளியும் குறையில்லாத முதல் ரகத்துக்கு ஆணி முத்து என்று பெயர்; அந்தச் சொல்லுக்கு விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே பொருள். தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்து முடிந்தது 1961-இல். சலித்துப் பிரித்த அந்தப் பழக்கமும் அதோடு போய்விட வேண்டுமா?

உலக நகை அமைப்பான சிப்ஜோவின் விதி, வளர்ப்பு முத்து என்றால் வளர்ப்பு என்று சொல்லியே விற்க வேண்டும் என்கிறது. நம் நாட்டு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் பொய்யான விவரம் சொல்லி விற்பது முறையற்ற வணிகம்தான். யாரையும் வழக்குக்கு இழுக்க நான் எழுதவில்லை. சங்கங்கள் மனது வைத்தால் ஒரே கூட்டத்தில் தீரும் விஷயம் இது.

பில்லில் ‘முத்து’ என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் இதையும் அச்சடியுங்கள்: இயற்கையா வளர்ப்பா, நன்னீரா கடலா, சாயம் உண்டா இல்லையா, அளவு எத்தனை மில்லிமீட்டர். முத்தின் எடையையும் விலையையும் தங்கத்திலிருந்து பிரித்துக் காட்டுங்கள். அதே பில்லோடு வாடிக்கையாளர் திரும்பி வந்தால், முத்துக்கு எவ்வளவு தருவீர்கள் என்பதை விற்கும் அன்றே சொல்லிவிடுங்கள். குறைவாகவே இருக்கட்டும், பரவாயில்லை. சரக்கு தரும் எங்களிடமும் இந்த விவரங்களை எழுத்தில் கேளுங்கள். தராதவரிடம் வாங்காதீர்கள்.

என் பாக்கெட்டுகளில் இவை ஏற்கெனவே தமிழில் எழுதியே வருகின்றன. அந்தச் சீட்டைக் கிழிக்காமல் வாடிக்கையாளர் கைக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கு முத்து தரும் ஒரு வியாபாரி